பனிப்பாதையில் சறுக்கிச் செல்லும் லூஜ் வண்டியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கிடையாதே, வீரர் அதை எப்படித் திருப்புகிறார்?

கெண்டைக்கால்களாலும் தோள்களாலும்தான். கால் முன்னே நீட்டி மல்லாந்து படுத்தபடி மணிக்கு 130 கி.மீ.க்கு மேல் போகிறார்கள். வலப்பக்கம் திரும்ப, இடது கெண்டைக்காலால் வண்டியின் முன்வளைவை உள்நோக்கி அழுத்தி, வலது தோளைச் சற்றே கீழே அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் வண்டியின் அடியிலுள்ள எஃகுத் தகடு பனியைக் கீறும், வேகம் போய்விடும். நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பதால் அந்தக் கீறலே பதக்கத்தைப் பறிக்கலாம்.

விபத்துகளுக்கு ஒரு காரணம் வளைவுக்குள் தாமதமாக நுழைவது. அப்படி நுழைந்தால் வெளியேறுவதும் தாமதமாகி, எதிர்ச்சுவரில் மோத நேரிடும். பாதையைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் காற்றுத்தடை கூடும். அதனால் ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

தகட்டைச் சூடாக்கினால் வேகம் கூடும் என்பதால், புறப்படும் முன் அதன் வெப்பநிலையைச் சோதிப்பார்கள். நிறுத்துவது இலக்கைக் கடந்த பிறகே: எழுந்து உட்கார்ந்து, கால்களைப் பனியில் ஊன்றுவார்கள்.

1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜில் போட்டியிட்ட இந்தியர் சிவ கேசவன், 2014 சோச்சியில் பயிற்சியின்போது வண்டியிலிருந்து நழுவி, ஓட்டத்திலேயே மறுபடி ஏறிக்கொண்டார். யாரும் முயன்று பார்க்க வேண்டாம்!