பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

பழைய வண்டி: வாசகர் கேள்வி பதில்

அப்பா 1986-ல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் 14 வருடமாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் அசையவே இல்லை. என் கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது. மெக்கானிக் அண்ணன், "இதுக்கு ஸ்பேரே கிடைக்காது, இரும்புக்குப் போட்டுடு" என்கிறார். ஓட்ட முடியுமா ஐயா?
— ஒரு வாசகர், தாராபுரம்

இரும்புக்குப் போடாதீர்கள். முடியும்.

முதலில் அந்தக் கிக்கர் மேல் ஏறிக் குதிப்பதை நிறுத்துங்கள், இந்த வண்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றுதான், அதன் பல் போனால் இன்னொரு செலவு. பிளக்கைக் கழற்றிவிட்டு டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கலந்து கால் டம்ளர் உள்ளே ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் இன்னும் இரண்டு நாள். சுத்தியல் வேண்டாம்.

இனி ஸ்பேர். மைசூரில் இதைச் செய்த ஐடியல் ஜாவா 1996-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று ஷோரூமில் யெஸ்டி என்ற பெயரில் நிற்பது ஃபோர் ஸ்ட்ரோக், அதன் இன்ஜின் பாகம் எதுவும் உங்கள் டூ ஸ்ட்ரோக்குக்கு உதவாது. அதனால் கடையில் போய் "யெஸ்டிக்கு ஆயில் சீல் இருக்கா" என்றால் பையன் தலையைத் தூக்கிப் பார்க்காமலே இல்லை என்பான். அதே சீலைத் துடைத்து அதன் முகத்தைப் பாருங்கள், உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் என்று மூன்று எண் இருக்கும், அந்த மூன்றையும் எழுதிக்கொண்டு சீல் கடைக்குப் போங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து ஷாஃப்டையும் சீல் உட்காரும் குழியையும் அளந்துகொள்ளுங்கள். பேரிங்கும் அப்படியே. 6204 என்று பொறித்திருந்தால் உள்ளே 20 மி.மீ., வெளியே 47, அகலம் 14, தண்ணீர் மோட்டாருக்கும் அதே பேரிங்தான் போகிறது. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அது உள்ளே இடைவெளி கூடுதலாக விட்ட பேரிங், சூட்டில் இறுகாது, கிராங்க்குக்கு அது முக்கியம்.

இப்படிப் பார்த்தால் "கிடைக்காத" சாமான் பாதி கிடைத்துவிடும். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித் தருவார்கள், கேபிளைப் பழையதைக் காட்டினால் அதே நீளத்தில் கட்டித் தருவார்கள், புஷ் லேத்தில் கடைந்துகொள்ளலாம். பேக்கிங்கை, அதாவது இரண்டு பாகம் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் ஷீட்டை, நீங்களே வெட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. பழையது எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் ஷீட் வாங்கி, கிராங்க் கேஸ் முகத்தில் விரித்து, போல்ட் ஓட்டை மேல் பழைய பேரிங் குண்டு ஒன்றை வைத்து லேசாகத் தட்டினால் வட்டமாக வெட்டிக்கொண்டு விழும். அந்த ஓட்டைகளில் இரண்டு போல்ட்டைச் செருகி ஷீட்டை நகராமல் நிறுத்திவிட்டு, சுத்தியலின் உருண்டை முனையால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். அலுமினியம் மெத்தென்றிருக்கும், ஓங்கி அடித்தால் ஓரம் நசுங்கி அப்புறம் எந்த பேக்கிங் போட்டாலும் கசியும்.

மாற்று இல்லாதவை பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, கியர் பல். இவற்றுக்குத்தான் அலைய வேண்டும். சென்னை ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை, பெங்களூர் ஜே.சி. ரோடு. பழைய சாமானைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோ போதாது. ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் சிலிண்டரை போர் போட, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்த, கொடுக்க வேண்டும். முதலில் போர் போட்டுவிட்டு அந்த ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடி ஆறு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பிஸ்டனை லேத்காரர் கையில் கொடுத்து அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கடையச் சொல்லுங்கள்.

25,000 எப்படிப் பிரிப்பது? இன்ஜின், பிரேக், டயர், ஒயரிங். இவ்வளவுதான் இந்த வருடம். பெயிண்ட்டும் குரோமும் வண்டி ஓடி 1,000 கிலோமீட்டர் ஆன பிறகு. முழு வண்டியையும் ஒரே நாளில் கழற்றி சாக்கில் கட்டாதீர்கள், அப்படிக் கட்டிய சாக்குதான் கடைசியில் காயலான் கடைக்குப் போகிறது. ஒரு பகுதியைக் கழற்றி, முடித்து, மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. அடியில் ஊசித் துளை வேறு. வெல்டிங் வைக்கலாமா?
— வாசகி, நாமக்கல்

பெட்ரோல் காலி, காய்ந்துவிட்டது என்று நம்பி நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. வெடிப்பது உள்ளே தங்கிய ஆவி. டேங்க்கைச் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, பற்றுவைக்கும் இடம் மட்டும் வெளியே தெரிய மீதியில் தண்ணீர் நிரப்பிய பிறகே பித்தளைப் பற்று வைக்க வேண்டும், அதுவும் டேங்க் வேலை தெரிந்தவர் கையால். துருவுக்கு வினிகர் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஒரு துண்டு பழைய செயினை உள்ளே போட்டுக் குலுக்குங்கள். அப்புறம் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் 2டி ஆயில் விட்டுச் சுழற்றி வையுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். டியூப்பையும் பெட்ரோல் டேப் வாஷரையும் கட்டாயம் மாற்றிவிடுங்கள்.

6 வோல்ட் ஹெட்லைட் மினுக்கட்டான் பூச்சி மாதிரி எரிகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடட்டுமா?
— வாசகர், காரைக்குடி

மாற்றினால் பல்பு, ஹாரன், காயில், பேட்டரி, சார்ஜிங் எல்லாம் மாற வேண்டும். முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். 30 வாட் பல்பு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 5 ஆம்பியர். கரண்ட் இரட்டிப்பு என்பதால் துருப்பிடித்த ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் இழப்பும் அதிகம். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, ஹெட்லைட் கிண்ணத்துக்கு ஒன்று என்று தடித்த எர்த் ஒயர் இழுத்து, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். பாதி வெளிச்சம் அங்கேயே திரும்பி வரும்.

சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கப் போகிறேன். கவனிக்க வேண்டியது?
— வாசகர், ஓசூர்

நம்பர்! என் வண்டி ஒன்றைக் கொடுத்தபோது பட்டறையில் மணல் அடித்துத் தடிமனாகக் கோட்டிங்கும் போட்டதில் சேஸிஸ் நம்பர் மூழ்கிப்போனது. ஆர்.சி. புதுப்பிக்கப் போன இடத்தில் படிக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்பர் மேல் டேப் ஒட்டி, வேலைக்கு முன் பென்சிலால் தாளில் பதிவெடுத்து வையுங்கள். ஆர்.சி. புதுப்பிக்க ஃபாரம் 25. தாராபுரம் வாசகரும் கவனிக்கவும், அப்பா இப்போது இல்லையென்றால் பெயர் மாற்ற ஃபாரம் 31. இந்த வேலையை இன்ஜினில் கை வைக்கும் முன்பே தொடங்குங்கள். வின்டேஜ் பதிவு என்று யாராவது ஆசை காட்டினால், அது 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான், அன்றாடம் ஓட்டவும் முடியாது.

எவ்வளவு 2டி கலப்பது?
— வாசகர், சேலம்

லிட்டருக்கு 40 மில்லி. புதிதாக போர் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 50 மில்லி, வேகமும் 50-க்குள். சேலத்துக்காரர் என்பதால் இன்னொன்று: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடி கியரிலேயே உருட்டிக்கொண்டு வராதீர்கள். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் பிஸ்டனுக்குப் போகிறது, ஆக்சிலேட்டரை மூடினால் இரண்டுமே குறைந்துவிடும். இரண்டு வளைவுக்கு ஒருமுறை கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள்.