ஜெர்மன் கால்பந்து வீராங்கனை நியா குன்சர் பற்றிக் கேட்டீர்கள்

அண்ணா, பின்கள ஆட்டக்காரர் ஒருவர் எப்படி உலகக் கோப்பையையே வென்று தரும் கோலை அடித்தார்?

2003 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் கார்சன் நகரம். பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் சுவீடனும். ஹன்னா லியுங்பெரி 41ஆவது நிமிடத்தில் சுவீடனை முன்னிலைக்குக் கொண்டு போனார். இடைவேளை முடிந்து வந்ததுமே மாரென் மைனர்ட் சமன் செய்துவிட்டார். நியா களமிறங்கியது 88ஆவது நிமிடத்தில்தான். 98ஆவது நிமிடத்தில் ரெனாட்டே லிங்கோர் ஃப்ரீ கிக்கை உயரமாகத் தூக்கிப் போட, நியா எகிறித் தலையால் முட்டினார். 2-1. அது ஜெர்மன் பெண்களின் முதல் உலகக் கோப்பை.

கூடுதல் நேரம் 30 நிமிடம் உண்டே, 98இல் எப்படி முடிந்தது?

அப்போது கோல்டன் கோல் விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அங்கேயே முடியும். 2004இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதனால் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை இனி யாரும் அப்படி முடிக்க முடியாது.

இவ்வளவு பெரிய பெயர், நாட்டுக்காக 34 ஆட்டம்தானா?

ஆமாம், 34 ஆட்டம், 2 கோல். அதே அணியின் கெர்ஸ்டின் ஸ்டெகமன் 191 ஆட்டம் ஆடியவர். நியாவுக்கு முழங்கால் ஜவ்வு நான்கு முறை கிழிந்தது. முன்கள ஆட்டக்காரர் தான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று தெரிந்து திரும்புவார். அவரைத் தடுப்பவர் அது தெரியாமலே அதே வேகத்தில் காலை ஊன்றித் திரும்ப வேண்டும். அந்த நொடியில் முழங்காலைப் பிடித்து நிறுத்துவது இந்த ஜவ்வுதான். அது கிழிந்தால் அறுவை சிகிச்சை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. ஒரு முறை மீள்வதே பெரும்பாடு. நான்கு முறை விழுந்தும் 2008 வரை ஆடினாரே, என்னைக் கேட்டால் அந்தக் கோலைவிட இதுதான் பெரிய விஷயம். அவரை அந்தப் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம்.

எந்தக் கிளப்?

பிராங்பேர்ட். பிர்கிட் பிரின்ஸ், ஸ்டெஃபி ஜோன்ஸ் போன்ற ஜெர்மன் அணி வீராங்கனைகள் எல்லாம் இருந்த அணி. பெண்களுக்கான ஐரோப்பியக் கிளப் கோப்பை தொடங்கியபோது, 2002இல், முதல் இறுதி ஆட்டத்தில் சுவீடனின் உமியோவை 2-0 என்று வென்றது இந்த அணிதான்.

ஆப்பிரிக்காவில் பிறந்தவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1980இல் போட்ஸ்வானாவின் மோச்சுடியில் பிறந்தார். பெற்றோர் அங்கே வளர்ச்சிப் பணியில் இருந்தார்கள்.

ஜெர்மனியில் அந்தக் கோலுக்கு மதிப்புக் கிடைத்ததா? அங்கே எல்லாம் ஆண்கள் அணிதானே?

நல்ல கேள்வி, தங்கச்சி. 1955 முதல் 1970 வரை ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளில் பெண்கள் ஆடவே தடை போட்டிருந்தது. 1989இல் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது சங்கம் ஆளுக்கு ஒரு காபி செட் கொடுத்தது! அந்த நாட்டில் 2003இன் சிறந்த கோலாகத் தொலைக்காட்சி நேயர்கள் தேர்ந்தெடுத்தது நியாவின் கோலை. அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதைப் பெற்றதில்லை.

இப்போது என்ன செய்கிறார்?

ஓய்வுக்குப் பின் தொலைக்காட்சியில் பெண்கள் ஆட்டங்களை அலசினார். ஹெஸ்ஸன் மாநில அரசு அலுவலகத்தில் அகதிகள் தொடர்பான பொறுப்பிலும் இருந்தார். 2023 உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது, அதற்கு முன் நடக்காத ஒன்று. அதன் பிறகு, 2024 ஜனவரியில், சங்கம் அவரைப் பெண்கள் கால்பந்தின் விளையாட்டு இயக்குநராக்கியது. அந்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் அணி வெண்கலம் வாங்கியது. 2025 ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதி வரை போய், ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் 0-1 என்று தோற்றது.