அலறுவது எஞ்சினா, ஒயரா?

கேள்வி: புது அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின். சாவியைத் திருப்பியதும் 'பீப்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அலாரம் வேலை செய்கிறது என்று பசர் சொல்லும் சத்தம் அது. என்றைக்கு அது வரவில்லையோ, அன்றைக்கு எழுதுங்கள்.

கேள்வி: பெட்ரோல் ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் படகுக்குள், கியர் பகுதி பின்னால் வெளியே). அலை தூக்கிப் போடும்போது அலாரம் சில விநாடி அடிக்கும், தானாக நின்றுவிடும். டெம்பரேச்சர் மீட்டரும் ஆயில் மீட்டரும் எப்போதும் சரியாகவே காட்டுகின்றன. மெக்கானிக் முதலில் ஆயில் பிரஷர் ஸ்விட்சை மாற்றினார். பிறகு டெம்பரேச்சர் ஸ்விட்ச். இப்போது தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் குளிர்விக்கும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். இரண்டு பில் கட்டிவிட்டேன்.

பதில்: மூன்றாவதைக் கட்டாதீர்கள். இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் அலாரத்துக்கு ஒரே ஒயர்தான். ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டெம்பரேச்சர் ஸ்விட்ச், கியர் ஆயில் பாட்டிலில் மிதக்கும் ஸ்விட்ச் மூன்றும் அதில்தான் சேர்கின்றன. எது எர்த் ஆனாலும், அதாவது எஞ்சின் இரும்போடு இணைந்தாலும், அலார ஹாரன் அடிக்கும். மெர்க்ரூசர் கம்பெனி எஞ்சின்களில் அது நீலக்கோடு போட்ட பழுப்பு ஒயர். மீட்டருக்குத் தகவல் தரும் சென்சார் வேறு, அலாரம் ஸ்விட்ச் வேறு. அதனால் மீட்டர் சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அலையில் மட்டும் அடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது கியர் ஆயில் பாட்டில். ஆயில் கோட்டுக்குச் சற்றுக் கீழே போயிருந்தால் படகு சாயும்போது மிதவை இறங்கும், நிமிர்ந்தால் ஏறும். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாதீர்கள், எங்கே போகிறது என்று பாருங்கள். பால் நிறமாக இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது.

பாட்டில் நிறைந்திருந்தால் எஞ்சின் பிளாக்கில் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் திருகி ஆயில் பிரஷர் உண்மையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஸ்விட்சைக் கழற்றி ஓட்டினால் எஞ்சினைக் கொன்றுவிடுவீர்கள். அதன்பின் மூன்று ஸ்விட்சுகளின் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டுங்கள். எதைக் கழற்றினால் சத்தம் வராமல் போகிறதோ, அதுதான் குற்றவாளி. மூன்றையும் கழற்றிய பிறகும் அடித்தால் பழுது ஒயரில். எஞ்சினை அணைத்து, சாவியை மூடி, அந்த ஒயருக்கும் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, ஒயர்க் கட்டை முழ நீளம் முழ நீளமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். இணைப்பு காட்டும் இடத்தில் தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்கும் ஒரு அரை நாள் போதும். ஆனால் 'மாற்றிப் பார்ப்போம்' என்பது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. காய்ச்சல் என்று போனவனுக்கு முதலில் பல்லைப் பிடுங்கி, அப்புறம் குடல்வாலை எடுத்து, இன்னும் காய்ச்சல் நிற்கவில்லையே என்று தலையைச் சொறிவது மாதிரி. மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு பாகத்தை மாற்றினால் அதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல, விற்பனை. மாற்றுவதற்கு முன்பே "எதை அளந்தீர்கள், என்ன காட்டியது?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். அதைச் சோதிப்பது சிரமமில்லை. டெம்பரேச்சர் ஸ்விட்சின் உணர்முனையைச் சுடுதண்ணீரில் இறக்கி, எத்தனை டிகிரியில் இணைகிறது என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். அலாரத்துக்கான ஆயில் ஸ்விட்ச், கழற்றிக் கையில் வைத்திருக்கும்போது, அதாவது பிரஷர் இல்லாதபோது, முனைக்கும் உடலுக்கும் இணைப்புக் காட்ட வேண்டும். பழையவை இரண்டும் நல்லவை என்று தெரிந்தால் அந்த இரண்டு பில்லின் கூலியையும் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் படகில் நான்கு பீப் அடிக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

பதில்: எஞ்சின் எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று எழுதவில்லை. பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேனுவலைப் புரட்டுங்கள்.

கேள்வி: வேகமாகப் போகும்போது மட்டும் அலாரம், குறைத்தால் நிற்கிறது. மலிவான இம்பெல்லர் (தண்ணீர் பம்பில் சுற்றும் ரப்பர் சக்கரம்) ஒன்றை வாங்கி நானே மாட்டினேன். பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது.

பதில்: பீய்ச்சும் தண்ணீரை நம்பாதீர்கள். பல எஞ்சின்களில் அது தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்து வெளியே வந்துவிடும். பம்ப் சுற்றுகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

வேகத்தில் மட்டும் சூடானால் தேவைக்கேற்ற தண்ணீர் ஏறவில்லை. கீழே உள்ள சல்லடைத் துளைகளில் பாசியோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கலாம். எஞ்சினை உயரமாகப் பொருத்தியிருந்தால் வேகத்தில் துளைகள் காற்றை இழுக்கும். வேகத்தில் தண்ணீர் அழுத்தம் கூடும்போது திறக்க வேண்டிய பிரஷர் ரிலீஃப் வால்வில் உப்பு கட்டியிருக்கலாம். இதுவே மெதுவாகப் போகும்போது மட்டும் அடித்திருந்தால் தெர்மோஸ்டாட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

மலிவு இம்பெல்லரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பெயரில்லாத பொட்டலத்தில் ஒன்றை வாங்கியவன் நான். ரப்பர் இதழ்கள் கட்டையாக இறுகிக் கிடந்தன. ஆனாலும் கேட்கிறேன்: பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணினீர்களா? உடைந்த துண்டு குளிர்விக்கும் வழியில் மேலே போய் அடைத்துக்கொள்ளும், அதை எடுக்காதவரை எந்த இம்பெல்லர் போட்டும் பயனில்லை. இம்பெல்லரை மட்டும் வாங்காதீர்கள். தட்டு, கேஸ்கட், ஓ-ரிங், இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு எல்லாம் சேர்ந்த கிட் வாங்குங்கள். தட்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது ரப்பரும் தண்ணீரைத் தள்ளாது. தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தால், ஒரு நிமிடம் என்றாலும், அந்த ரப்பர் போய்விட்டது.

கேள்வி: சும்மா சும்மா அடிக்கிறது என்று பசர் ஒயரைக் கழற்றிவிட்டேன். இப்போது எஞ்சின் இறுகிவிட்டது. வாரன்டி கிடைக்குமா?

பதில்: சந்தேகம்தான். இந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றின் கணினியில் எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்ன அலாரம் என்பது பதிவாகியிருக்கும். பசரைக் கழற்றினால் அது மறக்காது.

கேள்வி: நான்கு ஸ்ட்ரோக். மீன்பிடிக்க மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டுவேன். சூடான பிறகு ஐடிலில் (வேகம் கொடுக்காமல் சும்மா ஓடும்போது) ஆயில் அலாரம். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பார்த்தால் ஆயில் கூடியிருக்கிறது!

பதில்: கூடியது ஆயில் அல்ல, பெட்ரோல். முகர்ந்து பாருங்கள். எஞ்சின் தேவையான சூடு ஏறாமல் ஓடும்போது எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்த்துப் பிரஷர் விழும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்றுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் முழுக்க மூட வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். நாள் முழுக்க மெதுவாக ஓட்டினால் கரை திரும்பும்போது கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய படகு ஒன்று பேசி வைத்திருக்கிறேன். "அலாரம் எப்போதாவது அடிக்கும், சென்சார்தான்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: சென்சார்தான் என்றால் அவரே மாற்றியிருப்பாரே.

நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், தொட்டுப் பாருங்கள். 'உங்களுக்காக ஓட்டி வைத்தேன்' என்றால் இன்னொரு நாள் போங்கள். சாவியைத் திருப்பினால் பசர் ஒலிக்கிறதா? டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? தண்ணீரில் இறக்கி அரை மணி நேரம் ஓட்டுங்கள், அதில் பத்து நிமிடமாவது வேகமாக. உடனே ஐடிலுக்கு இறக்குங்கள். சூடான, இளகிய ஆயிலில்தான் பிரஷர் குறைபாடு வெளிப்படும். சிலிண்டர்களின் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். கணினி உள்ள எஞ்சின் என்றால் அலாரப் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான்.