பேராசிரியர் ஆகாத முனைவர்

அன்புள்ள சார்,

என் மகள் ஆறாம் வகுப்பு. டிவி சீரியல் ஒன்றில் நடிக்கிறாள். 'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க டிவி தொடரில் ஏமியாக வரும் மயிம் பியாலிக்கைக் காட்டி, "இவரும் உன்னைப் போலக் குழந்தை நட்சத்திரம்தான், நடிப்பை உதறிவிட்டு மூளை, மனம் என்று படித்துப் பேராசிரியர் ஆனார்" என்றேன். படிப்பும் நடிப்பும் ஒத்துப்போகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்,

பாதி சரி. பியாலிக் யு.சி.எல்.ஏ.வில் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 2007-இல் நரம்பு அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் பேராசிரியர் ஆகவில்லை. நடிப்பை ஒரேயடியாக உதறவும் இல்லை.

உங்கள் கதையில் முக்கியமான ஓர் ஆள் விடுபட்டுவிட்டார். கலிஃபோர்னியாவில் பள்ளி வயதுப் பிள்ளை நடித்தால், பள்ளி நாட்களில் தினம் மூன்று மணி நேரம் செட்டிலேயே பாடம் நடந்தாக வேண்டும். சட்டம் அப்படி. 'பிளாஸம்' (1991–95) தொடரில் நாயகியாக நடித்த காலத்தில் பியாலிக்குக்கு உயிரியல் சொல்லித்தர ஒரு பல் மருத்துவ மாணவி வந்தார். அறிவியல் பையன்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்த பெண்ணுக்கு, உனக்கும் வரும் என்று நம்பிக்கை தந்தவர் அவர்தான். பியாலிக்கே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். நடிப்பை விட்டபின் வந்த ஆசை அல்ல இது. ஷூட்டிங்குக்கு நடுவே ஒட்டிக்கொண்டது.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பிராடர்-வில்லி என்ற மரபணுக் கோளாறு. 15ஆவது குரோமோசோமில் வரும் சிக்கல். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது; பல வீடுகளில் சமையலறையையே பூட்டி வைக்கிறார்கள். சிலர் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள். இதிலெல்லாம், பசி போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸுக்கு என்ன பங்கு என்பதே அவர் கேள்வி. பொழுதுபோக்காகப் படித்து வாங்குகிற பட்டம் இல்லை.

பிறகு ஏன் நடிப்புக்குத் திரும்பினார்? கைக்குழந்தைகள் இருந்த வீடு. ஆய்வுக்கூட வேலை நேரம் அதற்குத் தோதுப்படவில்லை. மருத்துவக் காப்பீடு வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த நேர்மைதான்.

இன்னொரு வேடிக்கை. 2008-இல் 'தி பிக் பேங் தியரி'யின் முதல் சீசனிலேயே, வினாடி வினா அணிக்கு ஆள் தேடும்போது ஒருவன் 'பிளாஸம்' நடிகையைச் சேர்க்கலாம், நிஜமாகவே முனைவராம் என்பான். 2010-இல் அவரே நரம்பியல் விஞ்ஞானி ஏமியாக வந்து சேர்ந்தார்!

ஆகவே மகளை இந்தக் கதை சொல்லி மிரட்டாதீர்கள். தயாரிப்பு நிர்வாகியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, பள்ளிப் பாடம் விட்டுப்போகாமல் ஏற்பாடு செய்ய வேண்டும், சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பில் போட வேண்டும் என்று 2017 முதல் மத்திய அரசின் விதிகளே சொல்கின்றன. இவற்றில் எது உங்கள் மகளுக்கு நடக்கிறது?