காற்றே இல்லாத கடலை எது அசைக்கிறது?

கேள்வி: சனிக் கோளைச் சுற்றும் என்செலடஸ் நிலவில் பனிக்கு அடியில் கடல் இருப்பதாகப் படித்தேன். அங்கே காற்றும் இல்லை, வெயிலும் படாது. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் அசையாமல்தானே கிடக்கும்?
– உயர்தர மாணவி, கல்லடி

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. கல்லடியில் இருந்துகொண்டு அலையையும் காற்றையும் தினமும் பார்க்கிறவருக்கு இது தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்தக் கடல் அசைகிறது, அதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2005இல் காசினி விண்கலம் அந்த நிலவின் தென்முனை வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீச்சியடிப்பதைக் கண்டது. அங்கிருந்து வந்த தூசியில் மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருந்தன. அவை உருவாகக் குறைந்தது 90 பாகை வெப்பமுள்ள நீர் வேண்டும் என்று 2015இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு சூடு கடலின் அடிப்பாறையில்தான் இருக்க முடியும். அடியில் பிறந்தது மேலே வந்து சேர்ந்திருக்கிறதே, தண்ணீர் கிடந்தபடி கிடந்தால் எப்படி வரும்?

அந்தச் சூடு சனியின் ஈர்ப்பால் வருவது. 33 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் பாதை சரியான வட்டமாக இல்லாததால், நிலவு பிசைபட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கிறது. அடியில் சூடான நீர் மேலே எழும், கடலை அசைப்பதில் ஒன்று இது.

அப்புறம் உப்பு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு கிளாசில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டு, சீனி போடாத, ஆறின வெறுந்தேத்தண்ணீரைத் தேக்கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றிப் பாருங்கள். நிறம் மேலேயே நிற்கும், கீழே தெளிவாக இருக்கும். உப்பு நீருக்குக் கனம் கூட, அவ்வளவுதான். சரி, இனி என்செலடஸுக்கு வருவோம். அதன் குறுக்களவு சுமார் 500 கிலோமீற்றர், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனை வரையான நம் நாட்டின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. தென்முனையில் பனி சில கிலோமீற்றர் தடிப்பு, நடுக்கோட்டுப் பக்கம் 20க்கும் மேல். 2021இல் வந்த ஓர் ஆய்வின்படி, மெல்லிய முனைகளில் பனி உருகி நன்னீர் சேர்கிறது. நடுக்கோட்டில் நீர் உறைகிறது, உறையும்போது பனி உப்பை உள்ளே எடுக்காமல் வெளியே தள்ளிவிடுவதால் அங்கே கனமான உப்பு நீர் கீழே இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கமே முனைக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் ஒரு பெரிய சுழற்சியை ஓட்டப் போதும் என்கிறார்கள்.

இது சரியென்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காசினி உப்பை அளந்தது தென்முனையிலிருந்து பீச்சியடித்த நீரில். அதை வைத்து முழுக் கடலின் உப்பையும் முடிவு செய்வது, மேலே நிற்கும் தேத்தண்ணீரை மட்டும் ருசி பார்த்துவிட்டு கிளாசில் உப்பே இல்லை என்று சொல்வது மாதிரித்தான்.