விளிம்பில் ஒரு பெயர்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, பழைய பிரிட்டிஷ் இராணுவப் பதக்கங்களைப் பற்றியவை. முப்பது வருடமாக நான் சேர்ப்பதும் அவற்றைத்தான் என்பதால், இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கேள்வி: தாத்தா மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். பிஸ்கட் டின்னில் அவருடைய வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஊதா நாடா, நடுவில் பச்சைக் கோடு. கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா? இது வீரப் பதக்கமா? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி. பதக்கத்தைத் தேய்த்தால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் வெள்ளி போகும், கூடவே எழுத்தும் போகும். சன்னல் ஓரமாக உட்கார்ந்து, காசைச் செங்குத்தாகப் பிடிப்பதுபோல் பிடித்து, விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எண், பெயர், படையின் பெயர் என்று சின்ன எழுத்தில் ஓடும். உங்கள் தாத்தா அங்கேதான் இருக்கிறார்.

நீங்கள் சொல்லும் நாடா ஜெனரல் சர்வீஸ் மெடலுடையது. மேலே ஒரு வெள்ளிப் பட்டையில் ‘மலாயா’ என்று இருக்கும். 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான பணிக்குக் கொடுத்தது. அந்த முதல் தேதி நம் ஊர்த் தேதி. அன்று காலையில்தான் சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆக, இது பணிப் பதக்கம், வீரப் பதக்கம் இல்லை. ஆனால் நாடாவில் சின்னதாக ஒரு வெண்கல ஓக் இலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அவர் பெயரைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போலீஸ்காரர்களின் வீரத்துக்குக் காலனியல் போலீஸ் மெடல் என்று தனியாக ஒன்று இருந்தது. அதிலும் பின்பக்கம் ‘ஃபார் கேலன்ட்ரி’ என்று இருந்தால்தான் வீரத்துக்கு. ‘ஃபார் மெரிட்டோரியஸ் சர்வீஸ்’ என்றால் நற்சேவைக்கு.

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு மிலிட்டரி கிராஸ் வந்திருக்கிறது. முதல் உலகப்போரில் ஒரு கேப்டன் வாங்கியது என்கிறார்கள். பெயர் எதுவும் பொறிக்கவில்லை. போலியா சார்? (ஒரு வாசகர், ஈப்போ)

பதில்: பெயர் இல்லாததை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது, தம்பி. 1914 டிசம்பரில் அதிகாரிகளின் வீரத்துக்காக ஏற்படுத்திய மிலிட்டரி கிராஸைப் பொதுவாகப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். 1937க்குப் பிறகு வந்தவற்றில் சிலுவையின் பின்புறக் கீழ்க்கையில் ஆண்டு இருக்கும். அதனால் கூடவே அவருடைய பெயர் பொறித்த மற்றப் பதக்கங்களோ கடிதங்களோ வந்தால்தான் அந்தக் கேப்டன் கதைக்குக் காசு கொடுக்கலாம். வெறும் சிலுவை என்றால் சிலுவைக்கு மட்டும் விலை பேசுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது மிலிட்டரி மெடல். 1916ல் சாதாரணச் சிப்பாய்களுக்காக வந்தது. பின்பக்கம் ‘ஃபார் பிரேவரி இன் தி ஃபீல்ட்’ என்ற வாசகம், விளிம்பில் பெயர். முதல் உலகப்போருக்கு மட்டும் 1,15,000க்கு மேல் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே கண்ணில் படும்.

ஆனால் விளிம்பை நம்புவதற்கு முன் அளந்துவிடுங்கள். என் இரண்டாவது மிலிட்டரி மெடலை ஒரு பழைய சாமான் கடையில் 400 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெர்னியர் அளவுகோல் வைத்தால் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 35 சொச்சம்தான் இருந்தது. யாரோ ஒரு மனிதனின் பெயரை அரத்தால் சீவி எடுத்துவிட்டு, விலை போகும் இன்னொரு பெயரை வெட்டியிருக்கிறார்கள். பால்மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிய இடத்தைத் தடவினால் தெரியுமே, அதுபோல விரலுக்கே அந்தப் பள்ளம் தெரிந்தது. காசு போனதைவிட, அந்த முதல் பெயர் போனதுதான் இன்றும் என்னால் தாங்க முடியாதது. எவ்வளவு தேடியும் அவர் யாரென்று தெரியவில்லை.

கேள்வி: விளிம்பில் பெயர் இருக்கிறது. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு வாசகி, கோலகங்சார்)

பதில்: பிரிட்டிஷ் அரசிதழான இலண்டன் கெஜட்டில் தொடங்குங்கள். வீர விருதுகளை அதில்தான் அறிவிப்பார்கள், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முதல் உலகப்போரின் மிலிட்டரி மெடலுக்குப் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் இருக்கும், என்ன செய்தார் என்று இருக்காது. இரண்டாம் உலகப்போர் என்றால் இலண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 373 தொகுப்பைப் பாருங்கள், அதிகாரிகள் எழுதிய பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. முதல் போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகள் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டன, ஆகவே அந்தப் பக்கம் கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள். அவசரகாலத்தில் இறந்தவர் என்றால் பத்து காஜாவின் ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ கல்லறைக்கு ஒரு நடை போய்வரலாம்.

நம்மவர் பெயர் என்றால் இன்னொரு சிக்கல். ஒரே முனியாண்டி ஓரிடத்தில் ‘ஐ’யில் முடிவார், இன்னோர் இடத்தில் ‘ஒய்’யில் முடிவார். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள்.

தேடிக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1951 நவம்பர் 20 கெஜட்டில் அவாங் அனாக் ராவாங் என்ற சரவாக் இபான் இனத்துத் தடம்பார்ப்பவருக்கு, மிக உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அறிவித்தார்கள். அந்த ஆண்டு மே 27ஆம் தேதி ஜொகூர்க் காட்டில் அவருக்குத் தொடை எலும்பில் குண்டு. அப்படியும் காயம்பட்ட ஒரு சிப்பாயைப் புதருக்குள் இழுத்துப் போட்டுக் காவல் இருந்தார். கையிலும் குண்டு பட்டு, சுட முடியாமல் போனதும், ஊசியை உருவிய கைக்குண்டைப் பிடித்துக்கொண்டு ‘வா பார்க்கலாம்’ என்று நின்றார். நாற்பது நிமிடம்! கடைசியில் தாக்க வந்த கம்யூனிஸ்டுகள்தான் பின்வாங்கினார்கள்.

கேள்வி: நம்மை அடிமைப்படுத்தியவனின் பதக்கத்தை ஒரு தமிழர் ஏன் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? (ஒரு வாசகர், தாப்பா)

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. என் அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். சப்பான்காரன் காலத்தில் பெரியப்பாவை சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டு போனார்கள். தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் அண்ணன் பெயருக்கு நேராக அப்பா தன் கையாலேயே ‘சயாம்’ என்று எழுதினார். பெரியப்பா திரும்பவில்லை. பல்லாயிரம் தமிழர்களோடு அவரும் அங்கே போனார், எந்த விளிம்பிலும் அவர் பெயர் இல்லை. அந்தச் செக்ரோலும் கரையான் அரித்துப் போய்விட்டது.

அதனால் எங்காவது ஒரு சாதாரண மனிதனின் பெயரை உலோகத்தில் பார்த்தால் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, மதராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கப் போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவருக்கும் ஜார்ஜ் கிராஸ். கொடுத்தவன் வெள்ளைக்காரன், சரி. விழுந்தவர் நம் ஆள். அவரை நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

கேள்வி: பதக்கங்களை எதில் போட்டு வைப்பது? (முதலில் எழுதிய அதே வாசகி)

பதில்: அந்த பிஸ்கட் டின்னில் மட்டும் வேண்டாம், அம்மா. ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும், உங்கள் பதக்கம் கறுத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். துவைத்துப் பழகிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். விளிம்பில் உள்ளதை அப்படியே ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் புரியாவிட்டாலும் வரைந்தே அனுப்புங்கள், நான் தேடிப் பார்க்கிறேன்.