கேள்வி – பதில்: கடல் டெக், மர டெக், கொஞ்சம் ஈரக்காற்று

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டின் கமாண்டர் ஆட்டமுறையைப் பற்றியவை. புதியவர்களுக்கு இரண்டு வரி: பெரும்பாலும் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒவ்வொருவரிடமும் 100 கார்டு கொண்ட டெக் (சீட்டுக்கட்டு), அதில் ஒன்று கமாண்டர், அதாவது டெக்கின் தலைவன். அடிப்படை லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடத் தேவையான 'மனா' என்ற சக்தியைத் தரும் நிலக் கார்டு) தவிர எந்தக் கார்டும் இரண்டாம் முறை வரக்கூடாது. தொடக்க உயிர்ப்புள்ளி 40. ஒரே கமாண்டர் நேரடியாகத் தாக்கி மொத்தம் 21 அடி கொடுத்துவிட்டால், மீதி எவ்வளவு உயிர் இருந்தாலும் ஆட்டக்காரர் அவுட்.

நாங்க நாலு பேரு சேர்ந்து கமாண்டர் ஆடுவோம். என் டெக் அஞ்சாவது, ஆறாவது சுத்துலயே முடிச்சிருது. இப்ப நான் டெக்க எடுத்தாலே பயலுவ மூஞ்சியத் திருப்புகானுவ. மெதுவா ஓடுற, கடல் சம்பந்தப்பட்ட டெக் ஒண்ணு கட்டணும். நீலக் கார்டும் பச்சைக் கார்டும் கையில நெறைய இருக்கு. எங்க இருந்து தொடங்க?
*வாசகர், குளச்சல்*

கமாண்டராக 'அரிக்ஸ்மெத்தீஸ், ஸ்லம்பரிங் ஐல்' வையுங்கள். விலை 4 மனா, பலம் 12/12 (தாக்குபலம்/தாங்குபலம்). ஆனால் வரும்போது டேப் ஆகி (பயன்படுத்தியதன் அடையாளமாகக் குறுக்கே திருப்பப்பட்டு), மேலே ஐந்து 'உறக்க' கவுண்டர்களோடு (அடையாளக் காய்கள்) வரும். அவற்றில் ஒன்று மிச்சமிருந்தாலும் அது உயிரினம் கிடையாது, வெறும் லேண்ட். டேப் செய்தால் பச்சை மனா ஒன்று, நீல மனா ஒன்று தரும். நீங்கள் ஒவ்வொரு ஸ்பெல் (லேண்ட் அல்லாத கார்டு) போடும்போதும் விரும்பினால் ஒரு கவுண்டரை எடுக்கலாம். ஐந்தும் போனால் உறங்கும் அந்தத் தீவு உயிரினமாக எழுந்து நடக்கும். இரண்டு அடி சரியாக விழுந்தால் 24, ஒரு ஆள் காலி. ஆனால் அந்த இரண்டு அடிக்கு முன்னால் எதிரே இருக்கும் மூவருக்கும் தயாராகப் போதுமான நேரம் கிடைக்கும். நீங்கள் கேட்டது இதைத்தான்.

பலத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் லேண்டையும், கார்டு எடுக்க உதவும் கார்டுகளையும் குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டெக் மெதுவாகாது, நின்றுபோகும். நான்காவது சுற்றில் இரண்டு லேண்டோடு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இருப்பவருக்கும் ஆட்டம் சப்பென்று போய்விடும். எலும்பை அப்படியே விடுங்கள். குறைக்க வேண்டியது இரண்டு விஷயம்: எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறது, வேண்டிய கார்டை டெக்கிலிருந்து எவ்வளவு எளிதாகத் தேடி எடுக்கிறது.

கமாண்டர் போக மீதி 99 கார்டுகளை இப்படிப் பிரியுங்கள்: லேண்ட் 38, மனாவைப் பெருக்குபவை 10, கார்டு எடுப்பவை 10, ஒன்றைக் குறிவைத்து நீக்குபவை 8, மொத்தமாகத் துடைப்பவை 3, கடல் உயிரினங்களும் கடல் சார்ந்தவையும் 30.

லேண்டில் தீவு (நீல மனா தருவது) 16, காடு (பச்சை மனா தருவது) 13, மற்றவை 9 போதும். பெரிய விலங்குகள் எல்லாம் நீலம் என்பதால் தீவு கூடுதல். 'கமாண்ட் டவர்', 'தார்ன்வுட் ஃபால்ஸ்', 'டெம்பிள் ஆஃப் மிஸ்டரி' போன்றவை அந்த ஒன்பதில் வரட்டும். டேப் ஆகி வரும் லேண்ட் ஆறுக்கு மேல் வேண்டாம். கமாண்டரே டேப் ஆகித்தான் வருகிறது என்பதை மறக்காதீர்கள்.

மனாவுக்கு 'ராம்பன்ட் குரோத்', 'ஃபார்சீக்', 'கல்டிவேட்', 'கோடாமாஸ் ரீச்'. இவற்றோடு 'கியோராஸ் ஃபாலோயர்' கட்டாயம் வேண்டும். இரண்டு மனா விலை. வேறு எந்த ஒன்றையும் அன்டேப் செய்யும், அதாவது மறுபடி நிமிர்த்தும். உறங்கும் அரிக்ஸ்மெத்தீஸை டேப் செய்து இரண்டு மனா எடுத்து, இதை வைத்து அன்டேப் செய்தால் மறுபடி இரண்டு. கார்டு எடுக்க 'ஹார்மனைஸ்', 'எலிமென்டல் பாண்ட்', 'கரக்ஸ் அப்ரைசிங்'. கடைசி இரண்டும் பெரிய உயிரினம் வரும்போதெல்லாம் ஒரு கார்டு தரும், உங்கள் டெக்கில் வருவதெல்லாம் பெரியதுதான்.

இனி அந்த 30. எல்லாவற்றையும் ராட்சத விலங்குகளாக நிரப்பத்தான் கை போகும். அடக்குங்கள். 6 மனாவும் அதற்கு மேலும் விலை உள்ளவை 12, 4 அல்லது 5 மனாவில் 10, அதற்குக் கீழே 8. கீழே உள்ள எட்டுதான் தீவை எழுப்புகிறவை, ஏனென்றால் எழுப்பத் தேவை ஐந்து ஸ்பெல், ஐந்து பெரிய ஸ்பெல் அல்ல. 'நாடிர் கிராக்கன்' மூன்று மனாவில் வந்து, கார்டு எடுக்கும்போதெல்லாம் ஒரு மனா செலவில் வளர்ந்துகொண்டே போகும். மேலே 'சர்ப்பென்ட் ஆஃப் யானிங் டெப்த்ஸ்', 'ஸ்பானிங் கிராக்கன்', 'லார்தோஸ், தி டைட்மேக்கர்', 'கியோரா பெஸ்ட்ஸ் தி சீ காட்'. துடைப்பதற்கு 'வெல்மிங் வேவ்', 'ஏத்தரைஸ்', 'கிரஷ் ஆஃப் டென்டக்கிள்ஸ்'.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. 'வெல்மிங் வேவ்' கிராக்கன், லெவியாத்தன், ஆக்டோபஸ், சர்ப்பென்ட் ஆகிய நான்கு இனங்களைத் தவிர மற்ற எல்லா உயிரினங்களையும் உரியவர் கைக்குத் திருப்பி அனுப்பிவிடும். சுறா, திமிங்கிலம், மீன், நண்டு, ஆமை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. பேய்க்கணவாயும் கணவாயும் ஒன்றல்ல என்று உங்கள் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஆட்டத்திலும் ஆக்டோபஸ் தப்பிக்கும், ஸ்க்விட் தப்பிக்காது. 'ஸ்நேக்' வேறு, 'சர்ப்பென்ட்' வேறு. நமக்கு இரண்டும் பாம்பு, விதிக்கு அப்படியில்லை. 'காய்லிங் ஆரக்கிள்' நல்ல கார்டுதான், ஆனால் அது ஸ்நேக். அலை அடித்தால் அதுவும் போகும், 'கியோராஸ் ஃபாலோயர்' மெர்ஃபோக் என்பதால் அதுவும் போகும். ஆகவே படத்தைப் பார்த்துச் சேர்க்காமல், படத்துக்குக் கீழே இருக்கும் இனவரியைப் படித்துச் சேருங்கள்.

இந்த டெக்கில் நான் சேர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வது 'ஸ்டார்ம்டைட் லெவியாத்தன்'. கடலுக்கு அதைவிடப் பொருத்தமான கார்டு இல்லை என்று தோன்றும். ஆனால் அது வந்துவிட்டால் பறக்கும் திறனோ, தீவு வழியாக ஊடுருவும் திறனோ இல்லாத உயிரினங்கள் தாக்கவே முடியாது. மூன்று பேர் கைகட்டி உட்கார, நீங்கள் மட்டும் ஆடுவீர்கள். பயல்கள் மறுபடி மூஞ்சியைத் திருப்புவார்கள்.

ஆடும்போது கவனிக்க வேண்டியவை. தீவு எழும் அதே சுற்றில் தாக்க நினைத்தால், அன்று அதை மனாவுக்கு டேப் செய்யாதீர்கள். டேப் ஆனது எழுந்தாலும் தாக்காது. கவுண்டர் எடுப்பது உங்கள் விருப்பம் என்பதால் கடைசி ஒன்றை விட்டு வையுங்கள். உறங்கும்வரை அது லேண்ட், எல்லா உயிரினத்தையும் அழிக்கும் கார்டு விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அடுத்தவர் தாக்க வரும்போது ஒரு சின்ன இன்ஸ்டன்ட் (அடுத்தவர் முறையிலும் போடக்கூடிய கார்டு) போட்டு எழுப்பினால், டேப் ஆகாமல் இருக்கும் பட்சத்தில், அது தடுப்புச்சுவராகவும் நிற்கும். செத்து மறுபடி போடும்போது ஒவ்வொரு முறையும் 2 மனா கூடும்: 4, 6, 8. ஐந்து கவுண்டரும் புதிதாக வரும்.

குலசேகரம் பக்கம் மலையோரத்தில் இருக்கிறேன். காடு சார்ந்த டெக் வேண்டும் என்று எல்ஃப் டெக் கட்டினேன். ஆட்டத்தை முடிக்கும் 'கிரேட்டர்ஹூஃப் பெஹிமத்'தை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை. வேறென்ன எடுக்க?
*வாசகர், குலசேகரம்*

எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் எல்ஃபே இருக்காது. எல்ஃப் டெக்கில் கருப்பொருளே மனா இயந்திரம். 'லானோவார் எல்வ்ஸ்' முதல் சுற்றிலேயே வந்து, இரண்டாம் சுற்றிலிருந்து மனா தரும். 'எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட்' வந்தால் எத்தனை எல்ஃபோ அத்தனை பச்சை மனா. முடிக்கும் கார்டு எதுவாக இருந்தாலும் அந்த மனா அதை முடித்துவைக்கும்.

இனத்தை மாற்றுங்கள். காட்டில் எல்ஃப் மட்டுமா இருக்கிறது? மரங்களே எழுந்து நடக்கும் 'ட்ரீஃபோக்' இனத்தை எடுங்கள். கமாண்டர் 'டோரன், தி சீஜ் டவர்'. வெள்ளை, கறுப்பு, பச்சை மூன்றும் ஒவ்வொன்று, பலம் 0/5. அது இருக்கும்வரை உயிரினங்கள் தாக்குபலத்துக்குப் பதில் தாங்குபலத்தின் அளவுக்கு அடிக்கும். 'ட்ரீஃபோக் ஹார்பிஞ்சர்', 'போஸ்க் பேனரெட்', 'டிம்பர் ப்ரொடெக்டர்' மூன்றும் அவசியம். மூன்று நிறம் என்பதால் 'சாண்ட்ஸ்டெப் சிட்டாடல்', 'கமாண்ட் டவர்' இரண்டையும் விடாதீர்கள். 'டன்க்ரோவ் எல்டர்' காடுகளை எண்ணி வளரும் கார்டு. மூன்று நிற டெக்கில் காடு குறைவாக இருக்கும், அதனால் அது நோஞ்சானாகவே நிற்கும். விடலாம்.

இரண்டு எச்சரிக்கை. டோரனின் விதி மேசையில் உள்ள எல்லா உயிரினங்களுக்கும் பொருந்தும். எதிரியின் 1/4 சுவரும் உங்களை நான்கு அடிக்கும். டோரன் செத்தால் உங்கள் 0/5 மரங்கள் அடிப்பது பூஜ்யம். அதனால் காப்பாற்றும் கார்டு குறைந்தது நான்கு இருக்கட்டும்.

33 லேண்ட் வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு ஆட்டம் லேண்ட் வராமல் முடங்குகிறது. என் குலுக்கல் சரியில்லையா?
*வாசகர், மார்த்தாண்டம்*

குலுக்கலைக் குறை சொல்லாதீர்கள். 99 கார்டில் 33 லேண்ட் என்றால் தொடக்கக் கையின் ஏழு கார்டில் சராசரி 2.3 வரும், 38 என்றால் 2.7. நான்காவது சுற்றுக்குள் 11 கார்டு பார்த்திருப்பீர்கள்: முன்னதில் 3.7, பின்னதில் 4.2. நான்கு மனா கமாண்டருக்கு இந்த அரை லேண்ட்தான் ஒரு முழுச் சுற்று. கார்டு எடுப்பவைக்கும் இதே கணக்கு. பத்து வைத்தால் முதல் பத்து கார்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஐந்து வைத்தால் அது 42 சதவீதமாக இறங்கிவிடும்.

கட்டி முடித்ததும் தனியாகப் பத்து முறை குலுக்கி, ஒவ்வொரு முறையும் ஆறு சுற்று ஆடிப் பாருங்கள். எந்தச் சுற்றில் என்ன போட முடிந்தது என்று தாளில் குறியுங்கள். பத்தில் இரண்டு முறை சொதப்பினால் அது இயல்பு. நான்கு முறை என்றால் டெக்கில் கோளாறு. பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் மல்லிகனுக்கு (தொடக்கக் கையைக் கலைத்துப் புதிதாக எடுப்பதற்கு) இழப்பு இல்லை என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு லேண்ட் கையை நம்பிக்கையோடு வைத்திருக்கத் தேவையில்லை.

'என் டெக் ஏழு மார்க்' என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஒரு ஏழு இன்னொரு ஏழை நசுக்கிவிடுகிறது. எப்படிப் பேசிக்கொள்வது?
*வாசகர், நாகர்கோவில்*

மார்க் போடுவதை விட்டுவிடுங்கள். 2025 பிப்ரவரியில், இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் ஐந்து அடுக்குகள் கொண்ட முறையைச் சோதனையாக வெளியிட்டது. ஆட்டத்தின் போக்கையே மாற்றும் கார்டுகளுக்கு 'கேம் சேஞ்சர்' என்று தனிப் பட்டியல். 'ரிஸ்டிக் ஸ்டடி', 'சைக்ளோனிக் ரிஃப்ட்', 'டெமானிக் டியூட்டர்' எல்லாம் அதில் உண்டு. முதல் இரண்டு அடுக்குகளில் அவற்றில் ஒன்றுகூடக் கூடாது, மூன்றாவதில் மூன்று வரை. இரண்டே கார்டில் முடிவில்லாமல் சுழலும் காம்போவும், எல்லோருடைய லேண்டையும் அழிப்பதும் முதல் இரண்டு அடுக்குகளில் கிடையாது.

நிதானமான ஆட்டத்துக்கு இரண்டாம் அடுக்கு. அதற்கு மேலே உங்கள் குழுவுக்கென்று ஒரு கேள்வி வையுங்கள்: யாரும் தடுக்காவிட்டால் உங்கள் டெக் எந்தச் சுற்றில் முடிக்கும்? நால்வரும் எட்டு, ஒன்பது என்று சொன்னால் உட்காரலாம். ஒருவர் ஆறு என்றால் வேறு டெக் எடுக்கட்டும்.

இன்னொன்று, இது என் கருத்து: 'சோல் ரிங்'கையும் எடுத்துவிடுங்கள். விதி அதை அனுமதிக்கிறது, கடையில் கட்டி விற்கும் டெக்குகளிலும் வருகிறது. ஆனாலும் ஒரு மனாவில் வந்து சுற்றுக்கு இரண்டு தரும் கார்டு, முதல் சுற்றில் ஒருவருக்கு மட்டும் வந்தால் மற்ற மூவரும் ஆட்டம் முழுக்க அவர் பின்னாலேயே ஓடவேண்டியிருக்கும். இடத்தை, மனா தரும் இரண்டு மனா விலைக் கார்டான சிக்னெட்டுக்குக் கொடுங்கள். நால்வரும் சேர்ந்து எடுத்தால்தான் பலன்.

எல்லாக் கார்டும் வாங்க வசதியில்லை. அச்சடித்து ஆடலாமா? தங்கைக்கு ஆங்கிலமும் சிரமம்.
*வாசகி, தக்கலை*

வீட்டு ஆட்டத்தில், மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, தாராளமாக. அசல் என்று விற்பதும், அதிகாரப்பூர்வப் போட்டிக்குக் கொண்டுபோவதும்தான் தவறு. கார்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது அடங்கும்; 11 தாளில் 99, கமாண்டருக்கு இன்னொரு தாள். அடிப்படை லேண்டை அச்சடிக்கத் தேவையில்லை என்பதால் எட்டுத் தாளிலேயே முடியும். அச்சுக் கடையில் 'அளவு 100 சதவீதம்' என்று சொல்லி வாங்குங்கள். 'தாளுக்குப் பொருத்து' என்று விட்டால் கார்டு சுருங்கிப்போகும். சாதாரணத் தாளே போதும், உள்ளே ஒரு பழைய கார்டையோ சீட்டையோ தாங்கலாக வைத்து, பின்புறம் தெரியாத ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறை) போடுங்கள். தாங்கல் எல்லாம் ஒரே தடிமனாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குலுக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும். தங்கைக்கு ஆங்கிலம் சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் இந்தக் கார்டுகள் அச்சாவதில்லை, ஆகவே அச்சடிக்கும்போதே விதியை அவருக்குப் புரியும் தமிழில் எழுதிவிடுங்கள். கார்டின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம்.

ஃபாயில் (மினுங்கும் படலம் ஒட்டிய) கார்டுகள் வளைந்துவிடுகின்றன. என்ன செய்ய?
*வாசகர், முட்டம்*

கடற்கரை ஈரம்தான் காரணம். தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலுள்ள படலம் விரியாது, கார்டு வளையும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்வதால் ஆண்டில் பாதி நாள் இந்தத் தொல்லை உண்டு. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், மறுபக்கம் வளையும், சாயமும் வெளுக்கும். இரட்டை ஸ்லீவ் போடுவதானால் உள் ஸ்லீவின் வாய் கீழே, வெளி ஸ்லீவின் வாய் மேலே வரட்டும். மழை நாளில் ஸ்லீவ் மாட்டினால் ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடுவீர்கள்; டப்பாவில் இரண்டு நாள் உலரவிட்டு மாட்டுங்கள். வளைந்த கார்டு டெக்கில் இருந்தால் எது எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும், அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆடும் டெக்கில் ஃபாயில் இல்லாத பதிப்பை வைத்து, ஃபாயிலை ஆல்பத்தில் வையுங்கள்.